ஊர் வழக்கமா, உள்ளத்தின் நியாயமா? பண்டித ஈசுவர சந்திர வித்யாசாகரின் வாழ்க்கை

1856-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 7-ந் தேதி. கல்கத்தாவில் சுக்கியா தெரு. இரவு வேளை. தெருவின் இரண்டு ஓரத்திலும் போலீஸ்காரர்கள் வரிசையாக நின்றார்கள். கூட்டமோ சொல்லி முடியாது. ஒரு கல்யாண ஊர்வலம் வந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை ஸ்ரீசந்திர வித்யாரத்னர். சாஸ்திரம் படித்த பண்டிதர். மணப்பெண்ணின் பெயர் காளிமதி. இரண்டு வீட்டாரும் பிராமணர்கள். மந்திரம் சொல்லி, முறை தவறாமல் நடக்கப்போகும் கல்யாணம். அதற்குப் போலீஸ் காவல் எதற்கு?

மணப்பெண் ஒரு விதவை. அதனால்தான்.

இந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் ஒரு குள்ளமான மனிதர். பெரிய தலை, அகன்ற நெற்றி. முரட்டு வேட்டி, தோளில் ஒரு துண்டு, காலில் சாதாரணச் செருப்பு. அவர்தான் ஈசுவர சந்திர வித்யாசாகர். வங்காளத்தில் இன்றும் அவர் பெயரைச் சொன்னால் வயதானவர்கள் கை கூப்புவார்கள். அன்று அதே வங்காளத்தில் அவரைத் திட்டாத தெரு இல்லை.

இதுதான் ஒழுக்கம் என்று ஊர் ஒன்றைச் சொல்லுகிறது. இதுதான் நியாயம் என்று உள்ளம் ஒன்றைச் சொல்லுகிறது. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். திருடாதே, பெற்றோரைக் காப்பாற்று, சொன்ன சொல் தவறாதே என்பதிலெல்லாம் ஊருக்கும் உள்ளத்துக்கும் சண்டை இல்லை. ஆனால் இரண்டும் எதிர் எதிராக நிற்கும் நாள் ஒன்று சிலருக்கு வந்து சேருகிறது. வித்யாசாகருக்கு அது ஒரு நாள் அல்ல. வாழ்நாள் முழுவதும் வந்தது.

பொரிக்கடை அம்மாள்

வங்காளத்தில் மேதினிபூர் பக்கம் பீர்சிங்கா என்று ஒரு சிற்றூர். அங்கே 1820-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி ஈசுவர சந்திரர் பிறந்தார். தகப்பனார் தாகூர்தாஸ் பந்தோபாத்தியாயர். தாயார் பகவதி தேவி. குடும்பத்தில் படிப்பு இருந்தது, பணம் இல்லை.

தாகூர்தாஸ் சிறு வயதிலேயே வேலை தேடிக் கல்கத்தாவுக்குப் போனவர். ஒரு நாள் கையில் காசு இல்லை. காலையிலிருந்து பட்டினி. கால் போன போக்கில் நடந்தார். ஒரு கடையில் நடுத்தர வயது அம்மாள் ஒருத்தி பொரி விற்றுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு விதவை. தாகூர்தாஸ் குடிக்கத் தண்ணீர் கேட்டார். வெறும் தண்ணீரைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. வெல்லப் பொரியும் சேர்த்துக் கொடுத்தாள். பையன் அதைத் தின்ற வேகத்தைப் பார்த்து, சாப்பிடவில்லையா தம்பி என்று விசாரித்தாள். பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய்த் தயிர் வாங்கி வந்தாள். வயிறு நிறைய உண்ணச் செய்தாள். சாப்பாடு கிடைக்காத நாளில் எல்லாம் இங்கே வந்துவிடு என்றும் சொல்லி அனுப்பினாள்.

பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுத உட்கார்ந்த வித்யாசாகர், தாம் பிறப்பதற்கு முன்னே நடந்த இந்தச் சம்பவத்தை மறக்காமல் எழுதி வைத்தார்.

தாகூர்தாசுக்குக் கடைசியில் மாதம் 2 ரூபாய் சம்பளத்தில் ஒரு வேலை கிடைத்தது. ஊரில் அதைக் கேட்டு வீடே ஆனந்தப்பட்டது. சம்பளம் கொஞ்சம் உயர்ந்த பிறகு மகனைப் படிக்க வைக்கக் கல்கத்தாவுக்கு அழைத்துப் போனார். 1828-ம் வருஷம். பையனுக்கு எட்டு வயது. நடைப் பயணம். வழியில் மைல் கற்களைப் பார்த்துப் பார்த்தே பையன் இங்கிலீஷ் எண்களைக் கற்றுக்கொண்டுவிட்டான். இந்தக் கதை வங்காளத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும்.

கல்கத்தாவில் படாபஜார் என்ற கடைத்தெருவில் தங்கினார்கள். அந்த வீட்டில் ராய்மணி என்று ஓர் இளம் விதவை இருந்தாள். அவளுக்குக் கோபால் என்று ஒரு மகன். ஈசுவரனையும் கோபாலையும் அவள் வேறாக நினைக்கவில்லை. தாயைப் பிரிந்து வந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு அவளே தாயாக இருந்தாள். தாம் பெண்களுக்குப் பரிந்து பேசுவதாகப் பலர் சொல்லுகிறார்கள், அது உண்மைதான், ராய்மணியின் அன்பை அனுபவித்தவன் அப்படி இல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆவான் என்ற கருத்தில் வித்யாசாகர் எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்து விதவைகள்

ராய்மணி போன்றவர்களின் நிலை அப்போது எப்படி இருந்தது என்பதை இந்தக் காலத்துப் பெண்களுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும்.

கணவன் இறந்தால் மனைவியைச் சிதையில் ஏற்றும் வழக்கத்தைச் சர்க்கார் 1829-ல் தடை செய்தது. உயிர் தப்பியது. ஆனால் வாழ்க்கை? வெள்ளைப் புடவை ஒன்றுதான் உடுத்தலாம். நகை கூடாது. ஒரு வேளைதான் சாப்பாடு. மீன் இல்லாமல் சாப்பிடத் தெரியாத வங்காளத்தில் அவளுக்கு மட்டும் மீன் கிடையாது. ஏகாதசி அன்று ஒரு வாய்த் தண்ணீரும் கூடாது, எவ்வளவு கோடையானாலும் சரி. நல்ல காரியங்களில் முன்னே வரக்கூடாது. ஐந்து வயதில் கல்யாணமாகி ஏழு வயதில் கணவனை இழந்த குழந்தைக்கும் இதே சட்டம்தான்.

குலீனர் என்ற உயர்ந்த குலத்துப் பிராமணர்களிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. அவர்களுக்குப் பெண் கொடுப்பது பெரிய கௌரவம். ஆகவே ஒரே மனிதருக்கு இருபது, முப்பது, ஐம்பது பெண்களைக் கூடக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஒவ்வொரு மாமனார் வீட்டுக்கும் வருஷத்தில் ஒரு முறை வந்து மரியாதை வாங்கிக்கொண்டு போவார். ஒரு கிழவர் கண்ணை மூடினால் ஒரே நாளில் ஐம்பது வீடுகளில் தாலி போகும். தாலி என்று நம் ஊர்ப் பேச்சில் சொல்லுகிறோம். அங்கே வளையலை உடைத்து, வகிட்டுக் குங்குமத்தை அழிப்பார்கள்.

இதையெல்லாம் செய்தவர்கள் கொடியவர்கள் அல்ல. அவர்கள் நல்ல தகப்பன்மார்கள், பாசமுள்ள அண்ணன்மார்கள். பச்சைக் குழந்தை தண்ணீருக்குத் தவிப்பதைப் பார்த்து அவர்களும் அழுதார்கள். அழுதுகொண்டே கதவைச் சாத்தினார்கள். அதுதான் ஒழுக்கம் என்று நம்பினார்கள்.

ஈசுவர சந்திரர் சமஸ்கிருதக் கல்லூரி மாணவராக இருந்தபோது நடந்ததாக ஒரு சம்பவத்தை அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். அவருக்கு வேதாந்தம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் தள்ளாத கிழவர். மனைவியை இழந்தவர். கவனிக்க ஆள் இல்லை என்று ஒரு சின்னப் பெண்ணை மணந்துகொண்டார். வேண்டாம் என்று மாணவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. கல்யாணமான பிறகு ஆசிரியர் மாணவரை வீட்டுக்கு அழைத்துப்போய், குரு பத்தினியைப் பார் என்று காட்டினார். பெண்ணைப் பார்த்ததும் ஈசுவர சந்திரர் விம்மி அழுதுவிட்டார். பலகாரம் வைத்தார்கள், தொடவில்லை. இனி இந்த வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியேறினார். கொஞ்ச காலத்தில் கிழவர் இறந்தார்.

குருவின் வீட்டில் உண்ண மறுப்பது அன்றைய ஒழுக்கத்தில் பெரிய குற்றம் என்பதை நாம் மறக்கக் கூடாது.

செருப்புக் கால் மரியாதை

படிப்பில் ஈசுவர சந்திரர் சூரர். 1839-ல் பரீட்சையில் தேறி வித்யாசாகர், அதாவது கல்விக் கடல், என்ற பட்டம் பெற்றார். பிறகு வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வங்காளி மொழி கற்பிக்கும் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் தலைமைப் பண்டிதர் ஆனார். இங்கிலீஷையும் கற்றுக்கொண்டார். அடுத்துத் தாம் படித்த சமஸ்கிருதக் கல்லூரிக்கே உதவிக் காரியதரிசியாக வந்தார்.

அந்த நாளில் ஒரு வேடிக்கை நடந்தது. இந்துக் கல்லூரியின் தலைவர் கெர் என்ற துரை. அவரைப் பார்க்க ஒரு நாள் வித்யாசாகர் போனார். துரை பூட்ஸ் காலை மேஜை மேல் நீட்டிக்கொண்டே பேசினார். உட்காரச் சொல்லவில்லை. சில நாள் கழித்து அதே துரைக்கு வித்யாசாகரிடம் வேலை வந்தது. வித்யாசாகர் தம் செருப்புக் காலை மேஜை மேல் நீட்டிக்கொண்டு வரவேற்றார். துரைக்குக் கோபம். மேலதிகாரியிடம் புகார் போயிற்று. வித்யாசாகர் பதில் எழுதினார். நாங்கள் நாகரிகம் தெரியாதவர்கள், துரையிடம் போனபோது இதுதான் உங்கள் நாகரிகம் என்று தெரிந்துகொண்டேன், அதையே அவருக்கும் செய்தேன் என்பது அதன் சாரம். இரு பக்கத்து மரியாதையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில் அவர் கறார்.

1851-ல் அதே கல்லூரிக்குத் தலைவர் ஆனார். அதுவரை அங்கே பிராமணரும் வைத்தியரும் மட்டும் படிக்கலாம். மற்றவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார். வங்காளிக் குழந்தைகளுக்காக வர்ண பரிச்சயம் என்ற பாட புத்தகத்தை 1855-ல் எழுதினார். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அதில்தான் எழுத்துப் படித்தார்கள். புத்தகங்கள் விற்றுக் கிடைத்த பணம்தான் பின்னால் அவருடைய போருக்கு உதவியது.

பராசரர் சொன்ன வழி

விதவைகளின் துன்பத்தைப் போக்க வேண்டும். எப்படி? குழந்தைகள் துன்பப்படுகிறார்கள், ஆகவே மறுமணம் செய்யுங்கள் என்றால் ஊர் கேட்குமா? கேட்காது. சாஸ்திரத்தில் இருக்கிறதா என்றுதான் கேட்கும். இது வித்யாசாகருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே கல்லூரிப் புத்தகசாலையில் இரவு பகலாக உட்கார்ந்து ஏடுகளைப் புரட்டினார்.

கிடைத்தது. பராசர ஸ்மிருதி என்ற பழைய தர்ம நூல். யுகத்துக்கு யுகம் தர்மம் மாறும் என்கிறது அந்த நூல். கிருத யுகத்துக்கு மனு, திரேதா யுகத்துக்குக் கௌதமர், துவாபர யுகத்துக்குச் சங்கரும் லிகிதரும், கலியுகத்துக்குப் பராசரர். அந்தப் பராசரர், கணவன் காணாமற் போனாலும், இறந்தாலும், துறவி ஆனாலும், ஆண்மை இல்லாதவன் ஆனாலும், நெறி கெட்டாலும், இந்த ஐந்து ஆபத்திலும் பெண் வேறு கணவனை அடையலாம் என்று சொல்லியிருக்கிறார். நாம் இருப்பது கலியுகம். அப்படியானால் நமக்கு எது தர்மம்?

வித்யாசாகர் சாஸ்திரத்தைப் படித்துவிட்டு விதவைகளுக்காக இரங்கவில்லை. முதலில் இரங்கினார், பிறகு தேடினார். தம் மனச்சாட்சி சொன்னதை ஊருக்குப் புரியும் பாஷையில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த பாஷை சாஸ்திரம்.

புத்தகத்தை அச்சிடும் முன் அவர் பீர்சிங்கா போனார். தகப்பனாரின் அனுமதி கேட்டார். நான் வேண்டாம் என்றால் என்ன செய்வாய் என்று தாகூர்தாஸ் கேட்டாராம். நீங்கள் இருக்கும் வரை வெளியிடமாட்டேன், உங்களுக்குப் பிறகு வெளியிடுவேன் என்றாராம் மகன். பழைய காலத்து மனிதரான அந்தத் தகப்பன் புத்தகத்தை முழுவதும் கேட்டுவிட்டுச் சம்மதம் கொடுத்தார். தாயார் பகவதி தேவி அதற்கும் மேலே போனார். பிற்காலத்தில் மறுமணம் செய்துகொண்ட பெண்களை ஊர்ப் பெண்கள் ஒதுக்கியபோது, அந்த அம்மாள் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று சொல்லுகிறார்கள். புதுமை இளைஞர்களிடம் மட்டும்தான் பிறக்கும் என்று நினைப்பவர்கள் இந்தத் தம்பதியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

1855 ஜனவரியில் புத்தகம் வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 2,000 பிரதிகள் ஒரு வாரத்துக்குள் தீர்ந்தன. வங்காளமே இரண்டுபட்டது. சாந்திபூர் நெசவாளர்கள் வித்யாசாகரை வாழ்த்தும் பாட்டைச் சேலைக் கரையில் நெய்து விற்றார்கள். கேலிப் பாட்டுக்களும் பிறந்தன. மறுப்புப் புத்தகங்கள் குவிந்தன. பராசரர் சொன்னது நிச்சயம் மட்டும் ஆன பெண்ணைப் பற்றி, கல்யாணம் ஆனவளைப் பற்றி அல்ல என்று பண்டிதர்கள் வாதாடினார்கள். சாஸ்திரம் என்ன சொன்னால் என்ன, தேச வழக்கம் இதுதானே என்றார்கள் வேறு சிலர். அதே வருஷம் அக்டோபரில் வித்யாசாகர் இரண்டாம் புத்தகம் போட்டு எல்லோருக்கும் பதில் சொன்னார்.

அதே அக்டோபரில் சர்க்காருக்கு மனுவும் போயிற்று. அதில் கையெழுத்துப் போட்டவர்கள் 987 பேர். எதிர்மனுவில் கையெழுத்து 36,000-க்கும் மேல். எதிர்ப்புக்குத் தலைவர் ராஜா ராதாகாந்த தேவர். இவரை அறியாமை பிடித்தவர் என்று தள்ளிவிட முடியாது. மாபெரும் சமஸ்கிருத அகராதியைத் தொகுத்த மேதை அவர். பெண்கள் படிக்க வேண்டும் என்று பாடுபட்டவர். ஆனால் முன்னோர் வகுத்த வழியைக் கலைத்தால் வீடும் ஊரும் கலைந்துவிடும் என்று உண்மையாகவே பயந்தார்.

எண்ணிக்கையில் தோற்ற மனு சட்டசபையில் வென்றது. 1856 ஜூலையில் இந்து விதவைகள் மறுமணச் சட்டம் நிறைவேறியது. மறுமணம் செல்லும், பிறக்கும் குழந்தைகள் முறையான வாரிசுகள் என்றது சட்டம். ஆனால் மறுமணம் செய்தவளுக்கு முதல் கணவன் சொத்தில் உரிமை இல்லை என்றும் அதே சட்டம் சொன்னது.

மணப்பெண்ணின் வயது

சட்டம் வந்து ஐந்தாம் மாதம் நடந்ததுதான் முதலில் சொன்ன சுக்கியா தெருக் கல்யாணம். அந்தக் காளிமதிக்கு என்ன வயது தெரியுமா? ஏறக்குறையப் பத்து.

இதைப் படிக்கும் தாய்மார்கள் திடுக்கிடுவார்கள். இன்று பத்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் ஜெயில். ஆனால் அன்று போலீஸ் வந்தது பெண்ணின் வயதுக்காக அல்ல. கூட்டத்தில் ஒருவர் கூட வயதைப் பற்றிக் கூச்சல் போட்டதாகத் தெரியவில்லை. பாலிய விவாகம் தீங்கு என்று 1850-லேயே கட்டுரை எழுதிய வித்யாசாகரும் அன்று அதைப் பேசவில்லை. அவருக்கே பதினான்கு வயதில் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி தினமயி அப்போது சிறுமி. ஒரு கதவைத் திறக்கப் போனவர் அன்றைக்கு அந்த ஒரு கதவைத்தான் தட்டினார்.

கல்யாணங்கள் தொடர்ந்தன. ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை. செலவு முழுவதும் வித்யாசாகர் தலையில். நகை, புடவை, விருந்து எல்லாம் அவரே. உதவுவதாகச் சொன்ன பணக்காரர்கள் பலர் மெல்ல நழுவினார்கள். கடன் பல்லாயிரம் ரூபாய் ஏறியது. அதற்கிடையில் 1858-ல் மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் உத்தியோகத்தையும் விட்டுவிட்டார். பணத்துக்காக விதவையை மணந்து, பிறகு கைவிட்டு வேறு பெண்ணைத் தேடிய மோசக்காரர்களும் உண்டு. இனி இன்னொரு பெண்ணை மணக்கமாட்டேன் என்று மாப்பிள்ளைகளிடம் எழுதி வாங்க வேண்டிய நிலை வந்தது.

ஆனால் அந்தச் சட்டம் வங்காளத்தோடு நிற்கவில்லை. 1881-ல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ராஜமகேந்திரபுரத்தில் வீரேசலிங்கம் பந்துலு விதவா விவாகம் நடத்தினார். தமிழில் சுதேசமித்திரன் பத்திரிகையைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் 1889-ல் தம் சொந்த மகளுக்குப் பம்பாயில் மறுமணம் செய்து வைத்தார். அதற்காக அவரை உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள்.

ஊரை விட்டுப் போன காலை

1869-ல் நடந்ததுதான் வித்யாசாகர் வாழ்வில் எனக்கு மிகவும் சிக்கலாகப் படும் சம்பவம்.

பீர்சிங்காவில் ஒரு விதவா விவாகம் நடக்க இருந்தது. மாப்பிள்ளை ஒரு பள்ளிக்கூடப் பண்டிதர். அவரைச் சேர்ந்த பெரிய மனிதர்கள் சிலர் வித்யாசாகரிடம் வந்து கெஞ்சினார்கள். இந்த ஒரு கல்யாணத்தை மட்டும் நீங்கள் நடத்தி வைக்க வேண்டாம் என்றார்கள். வித்யாசாகர் யோசித்தார். தாம் இதில் கலந்துகொள்ளவில்லை என்று வாக்குக் கொடுத்தார். மணமக்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

அவருடைய தம்பிக்கும் ஊரார் சிலருக்கும் இது பிடிக்கவில்லை. அன்று இரவே, வித்யாசாகர் வீட்டுக்குப் பக்கத்திலேயே, அவருக்குத் தெரியாமல் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். காலையில் சங்குச் சத்தம் கேட்டு என்ன என்று விசாரித்தார். விஷயம் தெரிந்தது. தாம் கொடுத்த வாக்குப் பொய்யாகிவிட்டதே என்று துடித்துப்போனார். சாப்பிடவில்லை. யார் சொல்லியும் கேட்கவில்லை. இனி இந்த ஊரில் கால் வைக்கமாட்டேன் என்று கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 48. அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். பிறந்த ஊருக்குத் திரும்பவே இல்லை.

எந்தக் காரியத்துக்காகச் சொத்தையும் சுகத்தையும் இழந்தாரோ, அந்தக் காரியத்தைத்தான் தம்பி செய்தார். சட்டமும் சாஸ்திரமும் தம்பி பக்கம். ஊர் வழக்கத்தை உடைக்கலாம், கொடுத்த வாக்கை உடைக்கக் கூடாது என்பது அண்ணனின் கணக்கு. அந்த வாக்கைப் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும்போது அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டாரா என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. கேட்டதாக வரலாற்றில் இல்லை. என் மனம் தம்பி பக்கமே சாய்கிறது. ஆனாலும் சொன்ன சொல்லுக்காகத் தாயும் தகப்பனும் வாழ்ந்த ஊரை விட்டுப்போன மனிதரைச் சிறியவர் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

மகன்

அடுத்த வருஷமே இன்னொரு சோதனை. 1870-ல் அவருடைய ஒரே மகன் நாராயண சந்திரர், பவசுந்தரி என்ற விதவையை மணக்க விரும்பினார். உறவினர்கள் சீறினார்கள். உறவு அறுந்துபோகும் என்று வித்யாசாகரின் தம்பி ஒருவர் கடிதம் எழுதினார்.

வித்யாசாகர் தயங்கவில்லை. ஊரார் பிள்ளைகளை விதவைகளை மணக்கச் சொல்லிவிட்டு, என் பிள்ளை மட்டும் கன்னிப்பெண்ணை மணந்தால் நான் யார் முகத்தில் விழிப்பது என்ற பொருளில் பதில் எழுதினார். மகன் தானாகவே முன்வந்தது தமக்குப் பெருமை என்றும் எழுதினார். கல்யாணம் நடந்தது.

கதை இங்கே சுபமாக முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. மகனின் நடத்தை வரவரத் தகப்பனாருக்குப் பிடிக்கவில்லை. 1875-ல் எழுதிய உயிலில் பலருக்கு மாத உதவிப் பணம் எழுதி வைத்த வித்யாசாகர், மகனை மட்டும் ஒதுக்கிவிட்டார். ஊரை எதிர்த்து விதவையை மணந்த தைரியத்துக்காக மற்றத் தவறுகளை மன்னிக்கும் குணம் அவரிடம் இல்லை. வேறொருவரிடம் மன்னித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கிறிஸ்தவராகி, குடித்து, கடனில் மூழ்கி, பிரான்ஸ் தேசத்தில் குடும்பத்தோடு தவித்த கவி மைக்கேல் மதுசூதன தத்தருக்குக் கடன் வாங்கிப் பணம் அனுப்பியவர் இதே வித்யாசாகர்தான். சொந்த மகன் என்றால் தராசு வேறாகிவிடுமோ?

பல தார மணத்தைத் தடுக்கவும் அவர் சர்க்காருக்கு மனுச் செய்தார். 1871-லும் 1873-லும் புத்தகங்கள் எழுதினார். ஹூக்ளி ஜில்லாவில் எந்தக் குலீனருக்கு எத்தனை மனைவி என்று பெயர், வயது, ஊரோடு பட்டியலே போட்டார். 1857 கலகத்துக்குப் பிறகு சர்க்கார் மத விஷயத்தில் கை வைக்கப் பயந்தது. சட்டம் வரவில்லை.

சந்தாலர் நடுவே

மனம் சலித்தவர் கர்மாடார் என்ற இடத்தில் ஒரு வீடு வாங்கினார். இன்று அது ஜார்கண்ட் மாநிலத்தில் இருக்கிறது. அங்குள்ள ரயில் நிலையத்துக்கே இப்போது வித்யாசாகர் என்று பெயர். சுற்றிலும் சந்தாலர் என்ற மலைவாசி மக்கள். அவர்களுக்கு அவர் ஹோமியோபதி மருந்து கொடுத்தார். காலையில் சந்தாலர்கள் மக்காச்சோளக் கதிர் கொண்டு வருவார்கள். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி அடுக்கி வைப்பார். மத்தியானம் பசியோடு வருகிறவர்களுக்கு அதே கதிர்களை எடுத்துக் கொடுத்துவிடுவார். பார்த்த விருந்தாளிகளுக்கு இந்த வியாபாரம் விளங்கவே இல்லை.

அந்தச் சந்தாலர்களிடம் விதவை மறுமணம் சாதாரண வழக்கம். அதற்கென்று தனிச் சடங்கும் தனிப் பெயரும் வைத்திருந்தார்கள். அதற்குப் பராசரரும் தேவையில்லை, போலீசும் தேவையில்லை. நம் தமிழ்நாட்டிலும் பல சமூகங்களில் அறுத்துக் கட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. உயர்ந்த குலம் என்று சொல்லிக்கொண்டவர்கள் அதைத் தாழ்வு என்றார்கள். கல்கத்தாவில் பாவம், அங்கிருந்து ரயிலேறிக் கர்மாடாரில் இறங்கினால் சாதாரணம்!

கடைசிக் காலத்தில் வித்யாசாகர் தம் நண்பர்களையே திகைக்க வைத்தார். பன்னிரண்டு வயது நிறையாத மனைவியைக் கணவனும் தீண்டக் கூடாது என்று 1891-ல் ஒரு சட்டம் வந்தது. அதுவரை வரம்பு பத்து வயது. சீர்திருத்தக்காரர்கள் எல்லோரும் ஆதரித்தார்கள். அபிப்பிராயம் கேட்டபோது வித்யாசாகர் அந்த மசோதாவை ஒப்புக்கொள்ளவில்லை. வயதைச் சொல்லாதீர்கள், பூப்படையும் முன் தீண்டுவது குற்றம் என்று சொல்லுங்கள் என்றார். அதனால் சாஸ்திரத்துக்கும் விரோதம் இல்லை, பெண்கள் பலர் பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு மேல்தான் பூப்படைவதால் இன்னும் அதிகமான குழந்தைகளுக்குக் காவல் கிடைக்கும் என்பது அவர் வாதம். பழைமைக்காரர் ஆகிவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். முப்பத்தாறு வருஷத்துக்கு முன் புத்தகசாலையில் செய்ததையேதான் இப்போதும் செய்தார். காலம்தான் நகர்ந்திருந்தது.

அந்த வருஷம் ஜூலை 29-ந் தேதி கல்கத்தாவில் வித்யாசாகர் காலமானார். வயது 70.

தாயார் பகவதி தேவி அதற்கு இருபது வருஷம் முன்பே காசியில் இறந்துவிட்டார். அந்தத் தாயாரின் பெயரால் 1890-ல் பீர்சிங்காவில் ஒரு பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார் மகன். அதற்காகக் கூட அவர் ஊருக்குப் போகவில்லை.